இடப்பக்கத்து வானம்

பாலசுந்தரம் பாவுக்குள் நடந்துவிட்டான்.

எடப்பாடித் தெருவில் விடிகாலையிலேயே தறிக்கான நூல் பாவை இடுப்புயரத்தில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். நெசவாளி வீட்டில் நடை பழகும் குழந்தைகூடப் பாவைக் கண்டால் ஒதுங்கிப் போகும். பர்மாப் போரில் ஐந்து ஜப்பான் விமானங்களைச் சுட்டு வீழ்த்திவிட்டுப் பதக்கத்தோடு லீவில் வந்த விமானி, இடப்பக்கம் திரும்பி நேராக அதில் போய் மோதினான். நூறு இழையாவது அறுந்திருக்கும்.

அவன் அப்பா நாச்சிமுத்துவின் கையிலிருந்த கஞ்சி பிரஷ் கீழே விழுந்தது.

"ஏம் மாப்ளே, ஆகாசத்துல ஆரும் பாவு நீட்ட மாட்டாங்களாட்ட இருக்குது" என்றான் பக்கத்து வீட்டுக் கைலாசம். எல்லோரும் சிரித்தார்கள். பாலசுந்தரமும் சிரித்தான்.

அவன் மனைவி வசந்தாமணி சிரிக்கவில்லை. தெருக்கோடியில் நின்றே அறுந்த ஒற்றை இழையைக் காட்டுகிற கண் அவனுடையது. மூன்று நாளாக, இடப்பக்கம் வைத்த தண்ணீர்ச் சொம்பை எல்லாம் அவன் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான்.

உள்ளே வந்ததும் அவன் இடப்பக்கம் நின்று கையைத் தூக்கினாள். "இது எத்தனை விரலுங்க?"

அவன் விரலை எண்ணப் பார்க்கவில்லை. "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தானுங்க."

"நாலாவது சண்டையில கண்ணாடிச் சில்லு இடக்கண்ணுல அடிச்சுது. டாக்டருக்குத் தெரியாது. சுவத்துல மாட்டியிருக்கற எழுத்தைப் பூரா மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சுட்டேன். அஞ்சாவதையும் அடிச்சேன். அன்னிக்கு என் இடப்பக்கம் பறந்தவன்..." நிறுத்தினான். "அவன் மேல பாஞ்ச விமானத்தை நான் பாத்துச் சொல்லியிருக்கோணும், மணி. பாக்கல."

அந்த ஐந்தாவதுக்குத்தான் ஊர் மேளம் வைத்து அவனை அழைத்து வந்திருந்தது.

"நாளைக்கு ரயிலேறோணும். இப்பச் சொன்னா இனிப் பறக்கவே உட மாட்டாங்க."

"இனி உங்க இடப்பக்கம் பறக்கறது ஆருங்க?"

"புதுசா வந்தவன். பத்தொம்பது வயசு. நான் கூட இருந்தாப் பயமே இல்லீங்கறான்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. வெளியே நாச்சிமுத்து அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிந்துகொண்டிருந்தார். பாலசுந்தரம் தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பி, வெகுநேரம் அதையே பார்த்தான்.

"காகிதமும் பேனாவும் எடு" என்றான். "கமாண்டருக்கு எழுதோணும்."

அவள் அவனுடைய வலப்பக்கமாக வந்து நீட்டினாள்.