வாரிசு வேலை

ப்ரஹ்லாத் அந்தக் கம்பெனியை ஆரம்பித்தது கொரோனா ஓய்ந்த கையோடு, பெங்களூர் லிங்கராஜபுரத்தில், தகரக் கூரை போட்ட ஒரு பழைய மரக்கடை ஷெட்டில். ஆனால் வாசல் போர்டில் ‘எல்லப்பா அண்ட் சன்ஸ், 1889 முதல்’ என்று இருக்கும். எல்லப்பா யார் என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை. சன்ஸும் கிடையாது, ப்ரஹ்லாதுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மலை ஏறுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் தோல் பூட்ஸை நேற்று ஆரம்பித்தோம் என்று சொல்லி விற்றால் எவன் வாங்குவான்? கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து தைக்கிறோம் என்றால் விலையைப் பார்க்காமல் வாங்குகிறான். விஷயம் அவ்வளவுதான்.

கொள்ளுத்தாத்தா கதையை எழுதவென்றே அனன்யா என்ற பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். கெட்டிக்காரப் பெண். இல்லாத எல்லப்பாவுக்குக் குலதெய்வம், முன்கோபம், மூட்டுவலி எல்லாவற்றையும் கொடுத்தாள். சர்வே துரைமார்கள் குடகு மலை ஏறியது அவர் தைத்த பூட்ஸில்தானாம். ஒரு துரை அதைக் கழற்ற மனமில்லாமல் காலோடு போட்டுக்கொண்டே தூங்கினாராம். 1934இல், கையில் தைத்துக்கொண்டிருந்த பூட்ஸோடு, எல்லப்பா உயிரை விட்டாராம். இதை எழுதி முடித்துவிட்டு அனன்யாவே கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் அமைந்தது, முகம் மட்டும் இல்லை. அங்கேதான் முனிகிருஷ்ணன் மாட்டினார்.

முனிகிருஷ்ணன் கோலார் தங்கவயல்காரர். சுரங்கத்தில் ஆள் எடுப்பது நின்றுபோன காலத்தில் வேலைக்குப் போகிற வயசை எட்டியவர். ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் அடியும் திட்டும் வாங்கித் தொழில் கற்றுக்கொண்டு, பெங்களூர் வந்து, நீலசந்திராவில் குடியேறியவர். கால் வடிவத்தில் செதுக்கிய கட்டைமேல் தோலைப் போர்த்தி, சுருக்கம் விழாமல் இழுத்து ஆணி அடிப்பது அவர் வேலை. ஷெட்டில் அதை அவர் அளவுக்குச் செய்ய ஆள் இல்லை. ஆனால் அனன்யாவின் கண்ணில் பட்டது அந்தக் கை அல்ல, முறுக்கு மீசையும் கோணல் மூக்கும்தான்.

ஒரு மதியம் அவருக்குத் தலைப்பாகை கட்டி, ரசகற்பூர வாடை அடிக்கும் வாடகைக் கோட்டை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் அதைப் பழுப்பாக்கி, மூலையில் கொஞ்சம் கிழித்தும்விட்டார்கள். நிறுவனர் எல்லப்பா முன்ஹால் சுவரில் ஏறி உட்கார்ந்தார். முனிகிருஷ்ணனுக்கு உள்ளுக்குள் ஏகக் குஷி. மனைவி சந்திரம்மாவிடம் மட்டும் மூச்சு விடவில்லை. கண்ணு பட்டுடும் என்று மிளகாய் சுற்ற ஆரம்பித்துவிடுவாள்.

அந்தக் குஷி, சனிக்கிழமைதோறும் வாடிக்கையாளர்களை ஷெட்டுக்குள் சுற்றிக்காட்டத் தொடங்கிய நாளோடு போயிற்று. வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். உள்ளே பசை டப்பாவோடு குந்தியிருந்தவரைப் பார்த்தார்கள். மறுபடி வெளியே போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒரு காலேஜ் பெண் நிறுவனரோடு செல்ஃபி வேண்டும் என்று நின்றுவிட்டாள்.

ப்ரஹ்லாத் கூப்பிட்டான். “முனி அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. ஃபவுண்டர் உயிரோட சுத்திட்டு இருந்தா பிராண்டுக்கு நல்லா இல்ல.”

“நான் எங்க சார் சுத்தறேன்? ஒரே எடத்துல குந்திகினுதான கீறேன்.”

“அதான் பிராப்ளம். எல்லாரும் கரெக்டா அங்கயே வந்து பாக்கறாங்க.”

“அப்ப போட்டோவ கழட்டிடுங்க சார்.”

“எப்படிண்ணா? டப்பா, பை, கேட்லாக் எல்லாத்துலயும் பிரிண்ட் ஆயிடுச்சு. உங்கள மாத்தறதுதான் ஈஸி.”

மறுநாள் முனிகிருஷ்ணன் மீசையை மழித்துக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வளர்த்த மீசை. அனன்யா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, “மூக்கு அப்படியே இருக்கே அங்கிள்” என்றாள். மூக்குக்கு சலூன்காரன் என்ன செய்வான்?

ஆயுத பூஜையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு ஆகிறது, வீட்டில் ரெஸ்ட் எடுங்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றையே அவர் தெருவுக்கும் டிவிக்குமாக நடந்துதான் கழிப்பவர். தோலை இழுக்கும்போது அது கட்டையில் போய்ச் சரியாக உட்காரும் அந்த நிமிஷத்துக்காகவே விடிந்ததும் எழுந்து வருகிற ஆள். இன்னும் இரண்டு வருஷம் என்று கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை.

ஆயுத பூஜை அன்று ஷெட்டில் வாழைக்கன்று கட்டி, மெஷின்களுக்கும் சுத்தியல்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருந்தார்கள். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. அன்றைக்குப் பார்த்து டென்மார்க்கிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வருகிறார். காட்டுவதற்கு வேலை இல்லை. அதனால் என்ன, வரலாறு இருக்கிறதே என்றாள் அனன்யா. காலமானவர் படத்துக்கு ஒரு மாலைகூட இல்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கைத்தண்டி சாமந்தி மாலை வாங்கிப் போட்டு, நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் விளக்கும் ஊதுபத்தியும் ஏற்றினாள். முனிகிருஷ்ணனைத் தோல் அடுக்கும் ரூமில் போட்டு, வெள்ளைக்காரர் கிளம்பும்வரை மூச்சுக் காட்டக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

பூஜை முடிந்ததும் வேலைக்காரர்களின் குடும்பங்கள் பொரியும் ஸ்வீட்டும் வாங்கிப்போக வருவது வருஷா வருஷம் வழக்கம். இது ப்ரஹ்லாதுக்கு நினைவில்லை. அனன்யாவுக்குத் தெரியவே தெரியாது. பட்டுப்புடவை கட்டி, வயர்கூடையோடு சந்திரம்மா முன்ஹாலுக்குள் வந்தாள்.

எதிரே புருஷன். கழுத்தில் மாலை. முன்னால் விளக்கு.

“ஐயோ எஞ்சாமி! காலைல இட்லி துன்னுட்டுத்தான வந்த! நாலு துன்னவன் அஞ்சாவது வாணாம்னப்பவே எனுக்குத் தெரியாம பூடிச்சே!”

கூடை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். மாரில் அடித்துக்கொண்டு அவள் அழுத அழுகையில் டென்மார்க்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டார். விஷயம் தெரிந்த இரண்டு பேர் அவளிடம் ஓடினார்கள். வெள்ளைக்காரர் முதுகுக்குப் பின்னாலிருந்து ப்ரஹ்லாத் வாயில் விரல் வைத்து அவர்களை நிறுத்தினான். இந்த அம்மா யார் என்று கேட்டார் டென்மார்க்காரர். நிறுவனர் குடும்பம், இன்றைக்கும் வருஷா வருஷம் இப்படித்தான் அழுவார்கள் என்றாள் அனன்யா இங்கிலீஷில், இமைகூடக் கொட்டாமல். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ப்ரஹ்லாத் அனன்யாவின் காதுப்பக்கம் குனிந்து, “இவங்கள சனிக்கிழமை சனிக்கிழமை வரச் சொல்ல முடியுமா?” என்றான். பாவி, கேட்டானே!

பெண்டாட்டி குரல் கேட்டால் கதவு என்ன, பூட்டு என்ன? முனிகிருஷ்ணன் தோல் ரூமை உடைக்காத குறையாக ஓடிவந்தார். டென்மார்க்காரர் அவரைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

“கிரேட் கிராண்ட்சன்!” என்று கத்தினான் ப்ரஹ்லாத். “கொள்ளுப்பேரன்! நாலாவது தலைமுறை!”

டென்மார்க்காரர் முனிகிருஷ்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சந்திரம்மா அவரை விலக்கிவிட்டுப் புருஷன் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தாள். சூடாக இருந்தது. உயிர் வந்தது அவளுக்கு. கூடவே கோபமும் வந்தது.

“இன்னாயா இது? உனுக்கு யாருயா மாலை போட்டது?”

முனிகிருஷ்ணன் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். தலைப்பாகை, 1934, மீசை, மூக்கு, நாளையிலிருந்து வேலை இல்லை என்பது வரை. கடைசியைச் சொல்லும்போது குரல் உடைந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதுவிட்டார்.

சந்திரம்மா மூக்கைச் சிந்திவிட்டு ப்ரஹ்லாதிடம் திரும்பினாள்.

“சார், இவுரு செத்துட்டாருன்னு மாலை போட்ட இல்ல?”

“அம்மா, அப்புறம் பேசலாம்மா.”

“சும்னே இரு சார், நான் பேசி முடிச்சிக்கறேன். கோல்டு ஃபீல்டுல எங்கப்பா சுரங்கத்துக்குள்ளயே பூட்டாரு. காரியம் முடியறதுக்குள்ள கம்பெனி எங்கண்ணனுக்கு வேலை போட்டுக் குடுத்துச்சி. செத்தவன் வேலை வாரிசுக்கு. அதான எங்க ஊரு மொறை? இப்ப நீயே வெள்ளக்காரராண்ட சொன்ன, இவுரு வாரிசுன்னு. செத்தவுரு வேலைய வாரிசுக்குக் குடு.”

“அது எப்படிம்மா, ரெண்டும் ஒரே...” என்று ஆரம்பித்த ப்ரஹ்லாத், டென்மார்க்காரர் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து மீதியை விழுங்கினான்.

சந்திரம்மா காக்ஸ் டவுனில் மூன்று வீட்டு மேடம்களுக்குச் சமைத்துப் போட்டவள். தேவையான இங்கிலீஷ் கைவசம் இருந்தது. “சார்! கிராண்ட்சன், நோ ஜாப்! திஸ் கம்பெனி, கிராண்ட்சன், நோ ஜாப்!”

டென்மார்க்காரர் முகம் மாறியது. நிறுவனர் ரத்தத்துக்கே இங்கே வேலை இல்லையா என்று கேட்டார்.

“நாளைக்கு ஜாயின் பண்றார்!” என்றான் ப்ரஹ்லாத். “இன்னைக்கு பூஜையே அதுக்குத்தான்!”

வெள்ளைக்காரர் கைதட்டினார். ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போனார். சந்திரம்மா இரண்டு பங்குப் பொரி வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் அந்த மாலையைப் பிய்த்துச் சாக்கடையில் எறிந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் விஜயதசமி. புதிதாக ஒன்றைக் கற்க ஆரம்பிக்க நல்ல நாள். முனிகிருஷ்ணன் தொழில் பழகும் அப்ரண்டிஸாகச் சேர்க்கப்பட்டார். புது ஆள் அல்லவா? ஆறு மாசம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். கைக்குக் கட்டை கிடைத்ததே என்று அவர் சந்தோஷமாகவே கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை கூட்டம் வந்தது. அனன்யா அவர்களை நேராக முனிகிருஷ்ணன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். இனி ஒளித்துவைக்க வேண்டியதில்லையே.

“இவர் எல்லப்பாவோட கொள்ளுப்பேரன். வேலைல சேந்து ஒரு வாரம்கூட ஆகல. யாரும் எதுவும் சொல்லித் தரல. அந்தக் கையப் பாருங்க, தானா வருது! எல்லாம் ரத்தம்.”

ராணிப்பேட்டையில் தோல் கிழிந்ததற்கு மேஸ்திரி விட்ட அறை, ஆணி ஏறிப் பழுத்த கட்டைவிரல், சரியாக வராமல் பிரித்துப் பிரித்து அடித்த ராத்திரிகள் எல்லாம் முனிகிருஷ்ணனுக்குள் ஒன்றாகக் கொதித்துக்கொண்டு வந்தன. பொய், இது என் வேலை, எவன் ரத்தமும் இல்லை என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தவேண்டும் போலிருந்தது. ஆனால் இந்த வேலை செய்கிறவர்கள் எடுக்க வசதியாகச் சின்ன ஆணிகளை உதட்டில்தான் கவ்விக்கொள்வார்கள். வாய் நிறைய ஆணி. ஒன்றை உருவி, தோலை இழுத்துப் பிடித்து, ஓங்கி அடித்தார்.