வக்கீல் வாயை மூடிய மாதம்

நாய்க்கு வக்கீல் என்று பெயர் வைத்தது டிரைவர்தான். குட்டியாக இருந்தபோதே யார் எதைச் சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் விடாது. "எனக்காகப் பேச இந்த வீட்டுல ஒரு ஆள் வேணாமா?" என்று மனைவியைப் பார்த்துக் கண்ணடிப்பார். இருபது வருஷம் ஒரே தடத்தில் பஸ் ஓட்டிய மனுஷன், ஒரு மத்தியானம் பஸ் ஓட்டும்போதே நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். எட்டு மாதம் ஆகிறது. வக்கீல் மட்டும் வாதத்தை நிறுத்தவில்லை.

அழைப்பு மணி அடித்தால் போதும், மூன்று மாடியும் அதிரும். கடைசியில் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரியே வாசலுக்கு வந்து, நாய்ச் சத்தத்துக்கு மேலே கத்தினார்.

"மாசக் கடைசிக்குள்ள இதோட வாய அடக்குங்க மேடம். இல்லன்னா வேற இடம் பாத்து அனுப்பிடுங்க. முப்பதாம் தேதி நானே வந்து பெல் அடிச்சுப் பாப்பேன்!"

அவர் போனதும் டிரைவரின் மனைவி கதவைச் சாத்திவிட்டு, வழக்கம்போல வக்கீலின் கழுத்தைத் தடவினாள். கை பாதியில் நின்றது. இதையும் அனுப்பிவிட்டால் இந்த வீட்டில் மூச்சு விடுவது அவள் ஒருத்திதான்.

மறுநாள் வக்கீலுக்கு நகம் வெட்ட வந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னாள். வீடு வீடாகப் போய் நாய் குளிப்பாட்டுகிறவள்; எந்த நாயையும் மடியில் போட்டு மடக்கிவிடுவாள்.

"சரிக்கா, இவன் குரைச்சா என்ன ஆகும்?"

"வந்தவங்க எழுந்து போயிடுவாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... தடவிக் குடுப்பேன்."

"பிஸ்கட்டு?"

"சில நாள்."

வந்தவள் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "நல்லா இருக்குக்கா கதை! சம்பளம் குடுத்து வேலைக்கு வச்சுட்டு, ஐயோ வேலை செய்யுறானேன்னு புலம்புறீங்க!"

சுருக்கென்றது. பொய்யில்லை. டிரைவர் போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது: எத்தனை மணிக்கு, யார் போன் பண்ணினார்கள், எந்த ஆஸ்பத்திரி. மூன்றாம் நாள் வக்கீல் விடாமல் குரைத்ததில் இரண்டு பெண்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். அப்போது வீட்டில் இறங்கிய நிம்மதியில்தான் முதல் தடவை அதைத் தடவிக் கொடுத்தாள். அதன்பின் அவள் ஒருமுறைகூட அதட்டவில்லை. அவளுக்கே தெரியாமல் அவள் கேட்டதை நாய் புரிந்துகொண்டது.

"அதட்டுனா நீங்களும் கூடச் சேந்து குரைக்கிறீங்கன்னு நெனைப்பான்," என்றாள் நகம் வெட்டுகிறவள். "மூலையில ஒரு பாய் போடுங்க. வாய மூடின நொடி, பாய்மேல ஒரு துண்டு அவிச்ச முட்டை. வந்தவங்க இவனப் பாக்கவே கூடாது. முக்கியமா, இவன் குரைக்கும்போது யாரும் எழுந்து போகக் கூடாது. தினம் ஒருத்தராவது வரணும்."

"யாருடி வருவா?"

"அது உங்க பாடுக்கா."

விரட்டியவர்களைத்தானே கூப்பிட வேண்டும்? போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் கண்டக்டரின் எண்ணை அழுத்தினாள். அவரோடு அதே பஸ்ஸில் இருபது வருஷம் விசில் ஊதியவர். ஐந்தாம் நாள் வந்து, டிரைவரின் சாப்பாட்டுப் பையை வாசலிலேயே கொடுத்துவிட்டு, ஏதோ சொல்ல வாயெடுத்து, வக்கீலிடம் தோற்றுத் திரும்பியவர்.

"எப்ப வரட்டும் அண்ணி?" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

வந்தார். மணி அடித்ததுமே வக்கீல் கூரையைப் பிய்த்தது. கண்டக்டர் நாற்காலியில் அமர்ந்து, சொன்னபடியே மின்விசிறியை முறைத்துக்கொண்டிருந்தார்.

"டிக்கெட் வாங்கியாச்சு அண்ணி! கடைசி ஸ்டாப்பு வரைக்கும் இறங்க மாட்டேன்!"

ஆறு நிமிஷம். 'இன்னொரு நாள் வாங்களேன்' என்ற வார்த்தை அவள் நுனிநாக்குவரை வந்து வந்து போனது. விழுங்கினாள். வக்கீல் மூச்சு வாங்க நின்ற நொடியில் பாய்மேல் ஒரு துண்டு முட்டை விழுந்தது. அது குழம்பிப்போய்ப் பார்த்தது. மறுபடி குரைத்தது, மறுபடி நின்றது. ஐந்தாவது துண்டுக்குப் பிறகு பாயிலேயே படுத்துவிட்டது.

வீடு திடீரென்று அமைதியானது. கண்டக்டர் மேலே பார்த்தபடியே பேசினார்.

"அன்னைக்கு வண்டிய ஓரங்கட்டி, பிரேக் போட்டு, எல்லாரையும் இறக்கச் சொன்னாரு. அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'வக்கீலுக்கு இன்னைக்கு ஊசி போடணும்டா, அவ மறந்துடுவா, சொல்லிடு'ன்னாரு. அதச் சொல்லத்தான் அண்ணி வந்தேன். இவன் எங்க சொல்ல விட்டான்!"

அவள் சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. இம்முறை யாரும் எழுந்து போகவில்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாக, எட்டு மாதம் தாமதமாக, ஊசி போடப்பட்டது.

பிறகு தினம் ஒருவர். மேல்மாடி அம்மா, மருந்துக்கடைக்காரர், டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போன அந்த இரண்டு பெண்கள். எல்லாரும் கேட்டார்கள், எல்லாருக்கும் சொன்னாள். ஊசி விஷயம் வரும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. இடையில் தபால்காரரிடம் வக்கீல் பழைய குணத்தைக் காட்டிய நாட்களும் உண்டு.

முப்பதாம் தேதி மணி அடித்தது. வக்கீல் ஒரே ஒரு தடவை குரைத்தது. பின் பாய்க்குப் போய் உட்கார்ந்து, அவள் கையையே பார்த்தது.

செகரட்டரி வாசலிலேயே நின்றார். "ஒரு தடவ குரைச்சுதே?"

"யாரோ வந்திருக்காங்கன்னு எனக்குச் சொல்ல வேணாமா சார்?"

அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அடுத்த குரைப்பு வரவில்லை. "சரி, இது இருக்கட்டும். நான் வர்றேன்."

"இப்ப போனீங்கன்னா ஒரு மாசப் பாடமும் வீணாயிடும். உள்ள வாங்க. பத்து நிமிஷமாவது உக்காரணும். மேல பாத்துக்கிட்டு."

செகரட்டரி உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்தார். அவள் ஒரு துண்டு முட்டையை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, டீக்குத் தண்ணீர் வைக்கப் போனாள்.

"மேடம், அது என்னையே பாக்குது!"

"ஃபீஸ் கேக்குது சார். குடுத்துடுங்க."