துமித்ருவின் பெயர்நாள்

புனித துமித்ருவின் நாளில் யாஷி நகரில் அந்தப் பெயர் கொண்ட எவரும் ஒழுங்காக வேலை செய்ததாகச் சரித்திரமே இல்லை. வாழ்த்து வாங்குவார்கள், கேக் வெட்டுவார்கள். வெட்டட்டுமே, யார் வேண்டாம் என்றது? மயக்க மருத்துவர் துமித்ரு அதை இதய அறுவையின் நடுவில் செய்ததுதான் ஸ்மராந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவள். வால்வு மாற்றி முடிக்கும்வரை, மேசையில் கிடக்கும் அக்லாயாவின் ரத்தம் அவள் இயந்திரத்தில்தான் ஓடும். அதற்குமுன் ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பரின் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் குழாய்க்குள் ரத்தம் கட்டிவிடும். பள்ளிக்கூடச் சமையல்காரி அக்லாயா கண் விழிக்கவே மாட்டாள்.

அறுவை செய்யும் பேராசிரியர் லூப்பு "ஹெப்பரின்" என்றார். முகமூடிக்குள்ளிருந்து துமித்ரு "ம்" என்றார். அந்நேரம் பார்த்து, வாழ்த்துச் சொல்ல மருத்துவமனை இயக்குநர் வாசலில் வந்து நின்றார். இளம் மருத்துவர் இலிங்காவைத் தன் இடத்தில் நிறுத்தி, "எல்லாம் ரெடி" என்று சொல்லிவிட்டு துமித்ரு நழுவிவிட்டார். சரிபார்ப்புத் தாளிலோ அவர் காலையிலேயே எல்லாக் கட்டங்களிலும் டிக் போட்டிருந்தார். அப்புறம் எழுத நேரம் கிடைக்காதாம்!

"இலிங்கா, ஹெப்பரின் போட்டாச்சா?" என்று ஸ்மராந்தா கேட்டாள்.

"துமித்ரு டாக்டர் போட்டிருப்பாரே."

"போட்டிருப்பாரா, போட்டாரா?"

"நான் பாக்கலையே" என்றாள் இலிங்கா. ஸ்மராந்தா மெல்ல, "ப்ரொஃபசர், ஹெப்பரின் சந்தேகமா இருக்கு" என்றாள். லூப்பு திரும்பவில்லை. இதயத்தில் செருகும் குழாயைக் கையில் எடுத்துவிட்டார்.

"செருகப் போறேன். தயார்னு சொல்லு."

"ரத்தம் எடுத்துப் பாக்காம சொல்ல மாட்டேன்!"

"முப்பது வருஷமா இதயத்தைக் கையில வெச்சிருக்கேன், எனக்கே பாடமா? அதான் டிக் இருக்கே!"

"அந்த டிக் ஏழு மணிக்கே போட்டது. அப்ப இந்தம்மா வார்டுல தலை சீவிக்கிட்டிருந்தாங்க."

"சொல்லப் போறியா, வெளிய போறியா?"

"எண் வரட்டும், போறேன்."

இலிங்கா அவசரமாக ரத்தம் எடுத்துக் கொடுத்தாள். ஸ்மராந்தா அதைச் சோதிக்கும் கருவியில் போட்டாள். மருந்து போட்டிருந்தால் நாளைக்கு அவளுக்கு வேலை இல்லை. இருபது வருஷமாக இவர்களோடு மாரடித்துக் கடைசியில் இதுவா என்று ஆத்திரமாக வந்தது.

ரத்தம் உறைய எத்தனை விநாடி என்று கருவி எண்ணத் தொடங்கியது. நானூற்று எண்பதைத் தாண்ட வேண்டும். அறுபது. தொண்ணூறு. லூப்பு உச்சுக் கொட்டினார்.

நூற்றுப் பதினெட்டிலேயே ரத்தம் உறைந்து கருவி கூவியது.

தட்டில் துணிக்கடியில் கிடந்த ஊசிக்குழலை இலிங்கா எடுத்தாள். மருந்து ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது.

பிற்பகலில் அக்லாயா புது வால்வோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாள். கை கழுவும் தொட்டியில் லூப்பு ஸ்மராந்தாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"எல்லார் முன்னாடியும் அப்படிக் கத்தணுமா?"

"முதல்ல மெதுவாத்தானே சொன்னேன். காதுல விழலையா?"

அவர் தண்ணீரை நிறுத்தினார்.

"விழுந்துச்சு" என்றார்.