ரைலியின் வண்டி கிளம்பும்போது வரும் சத்தம்

1

“அம்மா, உனக்குக் காது கேக்கலதானே? கிளம்பு, போய்க் காட்டிட்டு வரலாம்.”

இதை மட்டும் அம்மாவிடம் கேட்டுவிடாதே என்று சைமியிடம் சொல்லியிருந்தார்கள். கேட்டுவிட்டாள். ஆக, கதையின் ரகசியம் முதல் வரியிலேயே போய்விட்டது. போகட்டும். விஷயத்தைப் பத்துப் பக்கம் மூடி வைத்து, கடைசியில் திறந்து காட்டி அழவைக்கும் கதைகள் மேல் எனக்குக் கோபம் உண்டு. அழுவதற்கு வேறு காரணமா இல்லை.

இந்தக் கதை எனக்குச் சத்தமாகத்தான் கிடைத்தது. வருடத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் இந்தக் கெமியார்வி ஊரில் என் வீட்டுக்கு எதிரே ஒரு கொட்டகை இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் அங்கே யாரோ மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார்கள். இரும்பை இரும்பு கடித்த மாதிரி ஒரு சத்தம். பிறகு இரண்டு பெண்கள் சண்டை போடும் சத்தம். பிறகு சத்தமே இல்லை. நான் எழுத உட்கார்ந்தது அந்த மூன்றாவதை. மற்றதெல்லாம் என் சரக்கு. எதிர்வீட்டுக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. அது எனக்கு வசதி. கொஞ்சம் அயோக்கியத்தனமும்கூட.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

பனி உருகி ஓடும் ஏப்ரலில், ஆறு மாதம் போர்வைக்குள் உறங்கிய அந்த இரும்புக் குதிரை—

(வேண்டாம். அது குதிரையும் இல்லை, உறங்கவும் இல்லை. உறங்கவிடாமல் ஒருத்தி எழுப்பிக்கொண்டே இருந்தாள் என்பதுதான் கதை.)

ரைலி முப்பது வருடம் மரம் அறுக்கும் ஆலையில்—

(இது பிறகு.)

கர்ர்ரக். இல்லை, கிர்ரீச்ச்–டக். அல்லது—

(தமிழில் சத்தத்துக்குப் பஞ்சமில்லை. மழைக்கு ஒன்று, சிரிப்புக்கு நாலு, வாய்ச்சண்டைக்கு ஒரு டஜன் வைத்திருக்கிறோம். இதற்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. ‘அலறியது’ என்று எழுதிவிட்டு நகர்கிறேன்.)

3

ஏப்ரல் முப்பது. மறுநாள் மே தினம், எல்லோரும் வண்டிகளை எடுத்துக்கொண்டு கூட்டமாக ஏரியைச் சுற்றி வரும் நாள். முன்னால் போவது எப்போதும் சைமியின் அம்மா ரைலி. இந்த ஊர்க் கோடை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வண்டி ஒரு மாதம் பிரிபட்டுக் கிடந்தால் அந்த வருடமே போன மாதிரிதான்.

ரைலி போர்வையை உருவினாள். பாட்டரியை மாட்டினாள். செல்ஃப் பட்டனை அமுக்கினாள்.

வண்டி அலறியது. அலறி, டக்கென்று எதையோ கடித்து, பிறகு கிளம்பி, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடத் தொடங்கியது.

“அம்மா! என்ன சத்தம் அது?”

“எது?”

“கிளம்புறப்ப வந்துச்சே!”

“ஆறு மாசம் படுத்துக் கிடந்துட்டு நீ எந்திரிச்சா பாட்டா பாடுவ?” ரைலி வண்டியை அணைத்தாள். “நல்லாத்தானடி இருக்கு.”

சைமி தெற்கே தாம்பெரேயில் பட்டப்படிப்பை முடித்துவிட்டு முந்தாநாள் ரயிலில் வந்திறங்கியவள். அந்தக் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போன முதல் ஆள். [முதலில் அவளை ஒலியியல் படித்தவளாக எழுதினேன். கதைக்கு ரொம்ப வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததாலேயே அடித்தேன். வரலாறு படித்தாள்.] ஆனால் வளர்ந்தது இந்தக் கொட்டகையில், அம்மாவுக்கு விளக்குப் பிடித்துக்கொண்டு. வண்டி ஓடும்போது சத்தம் இல்லை, பட்டனை அமுக்கும்போது மட்டும்தான் என்றால் கோளாறு செல்ஃப் பக்கம். அவ்வளவு அவளுக்குத் தெரியும்.

வாசலில் பென்ட்டி வந்து நின்றார். ரைலியோடு இருபது வருடமாக வண்டி ஓட்டுபவர். மே தினத்துக்கு வீட்டில் காய்ச்சிப் புளிக்கவைத்த சிமா என்ற எலுமிச்சைப் பானம் ஒரு பாட்டில் கையில். அடியில் கிடந்த உலர்திராட்சை மேலே மிதந்து வந்துவிட்டது, குடிக்கலாம் என்று அறிவித்தார்.

(சைமி அவரை ‘மாமா’ என்று கூப்பிடுவதாக எழுதிப் பார்த்தேன். பென்ட்டி சிரித்தே செத்திருப்பார்.)

“பென்ட்டி, குடிக்கறது அப்புறம். இதைக் கேளு. அம்மா, இன்னொரு தடவை அமுக்கு.”

ரைலி அமுக்கினாள். பென்ட்டியின் முகம் எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி சுளித்தது. ரைலி அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்த பிறகுதான், “ஆமா, லேசா ஏதோ இருக்கு” என்றாள்.

சைமி அதைக் கவனித்துவிட்டாள். அம்மா காதால் கேட்கவில்லை. பென்ட்டியின் முகத்தால் கேட்டாள்.

பாட்டரி சோர்ந்திருக்கலாம் என்று காரின் பாட்டரியிலிருந்து கம்பி கொடுத்துப் பார்த்தார்கள். அலறல் குறைந்தது. போகவில்லை.

ரைலி முதுகைத் திருப்பிப் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். சைமி பின்னாலிருந்து சாதாரணக் குரலில் சொன்னாள்:

“அம்மா, வீடு தீப்பிடிச்சு எரியுது.”

ரைலி மூலையோடு மூலை சேர்த்து, சுருக்கம் நீவி, அழகாக மடித்து முடித்தாள்.

சைமிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்தாள். பென்ட்டி அவள் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனார்.

“அவகிட்ட இதைக் கேட்டுடாத.”

“உனக்குத் தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். போன கோடை பூரா அவளுக்குப் பின்னாடியே ஓட்டுனது யாருன்னு நெனக்கிற? லாரி வந்தா நான் நடுவுல புகுந்துக்குவேன். அவளா சொல்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்.”

“இதுக்குப் பேரு என்ன?”

“மரியாதை.”

“சோம்பேறித்தனம்,” என்றாள் சைமி.

4

நான் சைமி பக்கம். ஆனால் பென்ட்டியை வில்லனாக்கவும் முடியவில்லை. அந்த மனிதர் ஒரு கோடை முழுக்க லாரிக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவே வண்டி ஓட்டியிருக்கிறார். சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்துக்குப் பதிலாக எத்தனை மைல்! வாயைத் திறப்பதைவிட உயிரைக் கொடுப்பது சுலபம் என்று நினைக்கும் ஊர் இது. எனக்கு இங்கே வந்த நாளிலிருந்து பற்றிக்கொண்டு வருவது இதுதான். என்னை இங்கேயே இருக்க வைத்ததும் இதுதான்.

ரைலி வேலை பார்த்த மர ஆலையைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அறுக்கும் யந்திரம் காதிலிருந்து முதலில் கீச்சுகளைத்தான் எடுத்துக்கொள்ளும். குருவி போகும், கெட்டில் விசில் போகும், பேச்சில் ‘ச’வும் ‘ஸ’வும் போகும். அடிக்குரல்கள் மட்டும் மிச்சமிருக்கும். அதனால்தான் வண்டியின் தடதடப்பு ரைலிக்குக் கேட்டது, அலறல் கேட்கவில்லை. ஆலையில் காதடைப்பு கொடுத்தார்கள். அதை மாட்டினால் பக்கத்து மேசைக்காரி அடிக்கும் நையாண்டி கேட்காது என்று ரைலி கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றாள். முப்பது வருடம் சிரித்துக்கொண்டே காதைக் கொடுத்தவளை வைத்து நான் யாரைத் திட்டுவது? அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கோபம் அப்படியே இருக்கிறது, வைக்க இடம்தான் இல்லை.

5

சைமி எஞ்சின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தாள். மூடியின் உள்பக்கம் வெளிர்மஞ்சளாக, கடுகு விழுது அப்பின மாதிரி இருந்தது.

“ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. அம்மா, குளிர்ல இதை யாராச்சும் ஸ்டார்ட் பண்ணீங்களா?”

ரைலி கையைத் துணியில் துடைத்தாள். இந்த முறை விளங்காமல் இல்லை. மகளின் வாயையே பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

(கடுங்குளிரில் வண்டியைக் கிளப்பி, சூடு ஏறுமுன் அணைத்தால் எஞ்சினுக்குள் நீர் வியர்க்கும். போக வழியில்லாமல் ஆயிலில் கலந்து கூழாகும். செல்ஃப் மோட்டார் எஞ்சினைப் பிடித்துச் சுற்றுகிற இடத்தில் சின்ன உருளைகள் உண்டு. கூழில் அவற்றுக்குப் பிடி கிடைக்காது. வழுக்கும், அலறும். அலற அலற அமுக்கினால் உடையும். அப்புறம் எஞ்சினையே பிரிக்க வேண்டியதுதான். குளிர்காலத்தில் வண்டியை எழுப்பாதே என்பது இங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். மனசு கேட்காமல் போய் எழுப்புகிறவர்கள் தெருவுக்கு ஒருவர் உண்டு.)

“ஞாயித்துக்கிழமை,” என்றாள் சைமி, தனக்குத்தானே.

ஒவ்வொரு ஞாயிறும் அம்மா தாம்பெரேக்கு ஃபோன் செய்வாள். பேச ஒன்றும் இருக்காது. கொட்டகைக்குப் போய் வண்டியைக் கிளப்பி, புகைக்குழாய் அருகே ஃபோனை நீட்டுவாள். தடதடவென்று கொஞ்ச நேரம் ஓடும். பிறகு அம்மாவின் குரல்: “கேக்குதா?”

“கேக்குதும்மா.”

“சரி.” வைத்துவிடுவாள்.

அறைத்தோழி கேலி செய்தாள்: “உங்கம்மா உன்னக் கொஞ்சுறது இப்படித்தானா? புகைய விட்டா?” சைமிக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தத் தடதடப்பைக் கேட்ட பிறகு வாரம் முழுக்க ஒரு தெம்பு. வண்டியைக் கெடுத்தது அதுதான். மகளுக்குக் கேட்கட்டும் என்று ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது.

“அம்மா. நீ ‘கேக்குதா, கேக்குதா’ன்னு கேட்டது…”

“ஆயில மாத்திருவோம்,” என்றாள் ரைலி. “பென்ட்டி, சட்டி எங்க?”

[இங்கே நான் இரண்டு நாள் நின்றேன். ரைலி எதற்காக அப்படிக் கேட்டாள்? மகளைக் கொஞ்சுவதற்கா? இல்லை, முன்போல் கேட்காத ஒரு சத்தம் உண்மையில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கா? ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே கேள்வி போதும் என்பதை ரைலிதான் கண்டுபிடித்திருக்கிறாள், நான் இல்லை.]

6

ஆயில் சூடாக இருந்தால்தான் கசடு முழுக்க வடியும். பட்டனைத் தொடக் கூடாது. ஆகவே ரைலி ஏறி உட்கார, சைமியும் பென்ட்டியும் முற்றத்துச் சரிவில் தள்ளினார்கள்.

“இந்த வேலைய எனக்கு நாப்பது வயசுல குடுத்திருக்கணும்,” பென்ட்டி மூச்சிரைத்தார்.

“அப்பவும் நீ இப்படித்தான் சொல்லியிருப்ப,” என்றாள் சைமி. “தள்ளு!”

வண்டி இருமிக் கிளம்பியது. ரைலி தெருவில் இறங்கி, நல்ல சூடு ஏறும்வரை சுற்றி வந்தாள். பனிக்காலத்தில் தூவிய சரளை இன்னும் தெருவில் கிடந்தது. ஆனாலும் வண்டி ஒரு இடத்தில்கூட நெளியவில்லை. அந்த முகத்தைப் பார்க்கச் சைமிக்குக் கஷ்டமாக இருந்தது. அவ்வளவு சந்தோஷம்.

பழைய ஆயில் பால் காப்பி நிறத்தில் வடிந்தது. புதியது ஊற்றினார்கள். இன்னொரு தடவையும் மாற்ற வேண்டியிருக்கும் என்று சைமிக்குத் தெரியும். இருந்தாலும் ஒரே ஒரு முறை பார்க்கலாம் என்றாள் ரைலி. அமுக்கினாள்.

அலறியது. முன்னைவிடக் குறைவு. ஆனால் அலறியது.

பென்ட்டி இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பார்த்துப் படிக்க முகம் இல்லை.

“பாத்தியா!” ரைலி பட்டனிலிருந்து கையை எடுத்தாள். கண் இரண்டும் மின்னின. “சத்தம் போயே போச்சு!”

சைமி வண்டியைச் சுற்றி முன்னால் வந்தாள். வாய் தெரிகிற மாதிரி, வெளிச்சத்தில் நின்றாள். அதன் பிறகு சொன்னதுதான் இந்தக் கதையின் முதல் வரி.

பென்ட்டி வாசல் வழியே வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றுமில்லை.

“காது பார்க்குற நர்ஸ் இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் சுகாதார நிலையத்துலதான் இருக்கா,” என்றாள் சைமி. குரல் உடைந்தாலும் வாயசைவைத் தெளிவாக வைத்துக்கொண்டாள். “உன்கிட்ட நான் கேட்டுட்டேன். இனிமே கேக்காத மாதிரி என்னால இருக்க முடியாது. நீ வரலைன்னா நாளைக்கும் கேப்பேன். தினம் கேப்பேன்.”

7

முடிவுகள்.

ஒன்று: ரைலி அழுகிறாள், இருவரும் கட்டிக்கொள்கிறார்கள். அடித்துவிட்டேன். இங்கே யாரும் எஞ்சின் ஆயில் கையோடு கட்டிக்கொள்வதில்லை.

இரண்டு: ரைலி கோபத்தில் பட்டனை அமுக்கிப் பிடிக்கிறாள். உள்ளே உடைகிறது. கோடை போகிறது, மகளும்—

(முடிக்கவில்லை. இது நடக்கக்கூடியது. அதனால்தான் கை நின்றுவிட்டது.)

மூன்று: சைமி கதவைத் திறந்துகொண்டு வெளியே நடக்கிறாள், ஒரு முடிவோடு. நான் திட்டமிட்டிருந்தது இதைத்தான். அவளைக் கதவுவரை கொண்டுவந்தும் விட்டேன்.

ரைலி முந்திக்கொண்டாள்.

வண்டியிலிருந்து இறங்கினாள். தொட்டியில் சொரசொரப்பு சோப்பைப் போட்டு, நகக்கண் வரைக்கும், ரொம்ப நேரம் கை கழுவினாள். யாரும் பேசவில்லை. எதிர்வீட்டில் எனக்குக் கேட்ட அந்த மூன்றாவது, இது. வீட்டுக்குள் போனாள். கைப்பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இருவரையும் தாண்டி, கதவுக்கு வெளியே தெருவில் இறங்கி நடந்தாள்.

எங்கே என்று என்னைக் கேட்காதீர்கள். தெருவின் ஒரு முனையில் சுகாதார நிலையம், மறுமுனையில் ஏரி. கோபித்துக்கொண்டு ஏரிக்குப் போகிறவர்கள் கைப்பை எடுத்துப் போவதில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நர்ஸ் என்ன சொன்னாள், மறுநாள் முன்னால் போனது யார் வண்டி, அந்த உருளைகள் பிழைத்தனவா? அதையெல்லாம் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நல்லபடியாக எழுதுங்கள், அவர்கள் என் எதிர்வீட்டுக்காரர்கள்.

சைமி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டாள். அம்மாவுக்கு இடப்பக்கமாக நடந்தபடி ஏதோ சொன்னாள்.

ரைலி நிற்கவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

“அந்தப் பக்கம் வராதடி. அந்தக் காது கிறிஸ்துமஸுக்கே போயிருச்சு. இப்படி வா.”

சைமி சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனாள்.