கறுப்புப் பூச்சுக்கு அடியில் ஒரு கோடு

இல்லை, குழாயில் தெரிவது கீறலாகத்தான் இருக்கும், மணலைப் பீய்ச்சிப் பழைய பூச்சை எடுக்கும்போது முனை பட்டிருக்கும்... நகம் மாட்டுகிறது. மாட்டினால் என்ன, துரு அரித்த பள்ளத்திலும்தான் மாட்டும். எதற்கும் உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெளியே சாக்பீஸ் பொடியைத் தேய்த்து வைப்போம், விரிசல் என்றால் பொடி நனைந்து காட்டிக்கொடுத்துவிடும், பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடம் நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கே போயிற்று? அத்தான் அன்றைக்குக் கழுத்தில் கத்தி வைக்காத குறையாக நின்றார், "மாப்ள, காலைல கண்காட்சி, சீக்கிரம் முடிடா" என்று. சோதிக்காமலே பீங்கான் பூச்சைப் பூசிச் சூளையில் ஏற்றிவிட்டேன். கறுப்பு, முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. அவருடைய பழைய காரின் பானெட்டைத் திறந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்கள், எஞ்சின் புகையை வெளியே தள்ளுகிற இரும்புக் குழாய்க்கு வந்த வாழ்வைப் பார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. இப்போது ஓரத்தில் பூச்சு உதிர்ந்தது என்று திரும்ப வந்திருக்கிறது, அவ்வளவுதான், வேறொன்றும்... பொடி நனைகிறது. தலைமுடி அளவுக் கோடு, கட்டைவிரல் நீளம், அக்கா உட்காரும் பக்கத்தைப் பார்த்தபடி.

அக்கா. "அந்தக் கார்ல ஏறினாலே தலை பிளக்குதுடா, குமட்டுது" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? அத்தான் ஜன்னலுக்கு வெளியே கையைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிறவர், அவருக்கு ஒன்றும் ஆகாது, இவள் முடி கலையும் என்று தன் பக்கக் கண்ணாடியை ஏற்றிவிடுவாள், கசிந்த புகையெல்லாம் உள்ளேயே தங்கி... கடவுளே, நான்கு வருடம். "உங்கக்காவுக்கு என் கார் சக்களத்தி மாப்ள" என்று அவர் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தவன் நான்தானே? அப்புறம் மனநல மருத்துவர், தினம் ஒரு வெள்ளை மாத்திரை, போன மாதம் அதை இரண்டாக்கினார்கள். அந்த மருத்துவரிடம் அவளைக் கூட்டிப்போனதும் அதே காரில்தான். பின்சீட்டில் நானும் இருந்தேன், எனக்கும் லேசாகத் தலை வலித்தது, வெயில் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு வலித்தால் வெயில், அவளுக்கு வலித்தால் மனக்கோளாறா? வேலையைக்கூட விட்டுவிட்டாள். ராஜினாமா எழுதிக்கொடுத்த அன்று, "எனக்குத்தான் புத்தி சரியில்ல போலடா" என்றாள், நானும் இல்லை என்று சொல்லவில்லை.

ஃபோன் அடிக்கிறது, அவளேதான். "முடிஞ்சுதாடா? அவர் கேக்கச் சொன்னார்." மாத்திரைக்குப் பிறகு அவள் பேச்சே இப்படித்தான், ஒவ்வொரு சொல்லாக இழுத்துக்கொண்டு வரும். "இல்லக்கா... சாயந்திரம் ஆயிடும்." "சாப்பிட்டியா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன், பொய். வைத்துவிட்டாள். சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது... ஏன், இதைப் பற்றவைத்து மேலே பூசிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது, தலைவலி நின்றுவிடும், அது போதாதா? நின்றால் மாத்திரை வேலை செய்கிறது என்பார்கள். நிறுத்தாமல் சாப்பிடுங்கள் என்பார் மருத்துவர். அக்காவும் நம்பிவிடுவாள், எனக்குப் பைத்தியம் தெளிஞ்சிடுச்சுடா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், நானும் சிரிக்க வேண்டியிருக்கும்... இல்லை, முடியாது, இப்போதே கூப்பிட்டுச் சொல்கிறேன், ஃபோன் கையில்தான் இருக்கிறது. இன்னொரு கையில் இந்த வெல்டிங் ராடை எப்போது எடுத்தேன்?