சாம்பிள் கால்

பத்தே முக்கால் மணிக்கு அம்பிகா டப்பாவைத் திறந்தாள். அவித்த முட்டை ஒன்று, நான்காக வெட்டியது. ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள். கூழாகும்வரை மென்றாள். விழுங்கிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தாள். பிறகு அடுத்த துண்டு.

சாம்பிள் ரூமில் அப்படிச் சாப்பிடலாம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, சாத்திக்கொள்ளக் கதவு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள், அதற்கப்பால் தோலுக்குப் பசை தடவும் பேஸ்டிங் பெல்ட். அங்கே சாப்பாட்டுக்கு மணி அடிக்கும். அடிப்பதற்கு முன் வாயில் எதையும் போட முடியாது. அடித்துவிட்டால் அரை மணிக்குள் முடித்துக் கைகழுவி, நின்ற இடத்தில் மறுபடி நிற்க வேண்டும்.

அம்பிகாவுக்குச் சம்பளம் அவள் காலுக்கு. ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகும் வழியில் இருந்த அந்தக் கம்பெனி, வெளிநாட்டுக்கு அகலமான ஷூக்கள் செய்தது. வயதான பெண்களுக்கு, கால் வீங்கியவர்களுக்கு, சர்க்கரை நோய்க்காரர்களுக்கு. புது மாடல் எதுவானாலும் முதலில் ஒரே ஒரு ஜோடி தைப்பார்கள். அதை அம்பிகா போட்டு நடந்து பார்ப்பாள். அவள் சரி என்ற பிறகுதான் மற்றவை லைனில் ஏறும். சில வருடங்களுக்கு முன் பேஸ்டிங்கில் நின்றிருந்த பெண்களின் கால்களையெல்லாம் ஹீனா என்ற பெண் டேப் வைத்து அளந்துகொண்டு போனாள். அம்பிகாவின் கால் அவர்கள் கேட்ட அளவுக்கு அச்சாக இருந்தது. அன்றைக்குக் கிடைத்தது நாற்காலி.

"நமக்கு ஒடம்பு ஏறுனா திட்டு. இவளுக்கு ஏறுனா சேரு" என்று லைனில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஷூவைப் பார்த்துச் சொல்பவர் டெக்னீஷியன் ரஷீத் அஹமது. எல்லாருக்கும் ரஷீத் பாய். தரையில் குந்தி உட்கார்ந்து ஷூவைக் கட்டைவிரலால் அழுத்துவார். நுனியில், மேலே, குதிகாலில். ஷூவைத்தான் தொடுவார். ஒரு பெண்ணின் காலையும் அவர் தொட்டதில்லை. தலையைத் தூக்காமல் கேட்பார்.

"டைட்டா, லூஸா?"

அவள் சொல்வதை வைத்து லாஸ்ட்டைச் சீவுவார். லாஸ்ட் என்பது கால் வடிவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கட்டை. அதன்மேல்தான் தோலை இழுத்து ஒட்டி ஷூவாக்குவார்கள்.

"டேப்பு இன்னா வேணா சொல்லட்டும். அம்பிகாம்மா கால் சொல்றதுதான் எனக்குக் கணக்கு" என்று மானேஜரிடமே சொன்னவர் அவர்.

போன வருடம் அம்பிகாவின் குதிகாலில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. சர்க்கரை இறங்கவில்லை. மூட்டு, படி ஏற விடவில்லை. வேலூரில் டாக்டர், எடை இவ்வளவு இருக்கும்வரை மருந்து மட்டும் போதாது என்றார். வயிற்றைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டாள். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு ஒரு வாழைப்பழம் அளவுக்கு மீதி வைத்தார்கள்.

"வயித்த நாங்க சின்னதாக்கிட்டோம். பழக்கத்த நீங்கதான் சின்னதாக்கணும்" என்றாள் டயட் சொல்லிக்கொடுத்த பெண். முதலில் முட்டை, பருப்பு, கறி. இடமிருந்தால் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. இனிப்பு கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கப் பிரித்துச் சாப்பிட வேண்டும். எத்தனை மாதத்துக்கு என்று அம்பிகா கேட்டாள். உயிர் இருக்கும்வரை என்றாள் அந்தப் பெண்.

புண் ஆறியது. இன்சுலின் ஊசி நின்றது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, பிறகு நின்றது. ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்தாள். மறுபடி பிடித்துத் தைத்தாள். தெருவில் சிலர் அவளைத் தெரியாமல் தாண்டிப் போனார்கள்.

லீவு முடிந்து வந்தபோது ஆள் குறைவு என்று அவளைப் பேஸ்டிங்கில் நிறுத்தினார்கள். மணி அடித்ததும் மற்றவர்களைப்போல அள்ளிச் சாப்பிட்டாள். நெஞ்சில் அடைத்தது. கழிவறைக்குப் போய் வாந்தியெடுத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் எதற்கு வம்பு என்று சாப்பிடாமல் நின்றாள். பசை நாற்றத்தில் கண் இருட்டியது. பெல்ட் ஓரத்தில் விழுந்தாள்.

"நல்லா இருந்த ஒடம்ப அறுத்துக்க வேண்டியது. அப்புறம் எங்க தலமேல வந்து வுழ வேண்டியது" என்றான் சூப்பர்வைசர்.

ரஷீத் பாய் வந்து சண்டை போட்டு அவளைச் சாம்பிள் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, பருப்பை ஸ்பூனால் எடுத்து மெதுவாகச் சாப்பிட்டாள். வயிறு வாங்கிக்கொண்டது. இனி இந்த நாற்காலியை விட்டு எழுந்தால் செத்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது ஒரு கறுப்பு ஷூ வந்தது. முதல் தடவை போட்டபோது மேலே தொளதொளத்தது.

"லூஸ் பாய்."

உண்மையைத்தான் சொன்னாள். அவர் லாஸ்ட்டைச் சீவினார். அடுத்த மாதம் மறுபடி தைத்து வந்தது. மறுபடி லூஸ். மறுபடி சீவினார்.

அந்த வாரம் குளிக்கும்போது மெட்டி கழன்று விழுந்தது. தண்ணீரோடு ஓடி ஜல்லடையில் நின்றது. எடுத்து விரலில் போட்டாள். சுற்றியது. அப்போதுதான் காலைப் பார்த்தாள். நரம்பு தெரிந்தது. எலும்பு வரிசையாகத் தெரிந்தது. யாரோ ஒருத்தியின் கால்.

ஷூ பெரிதாக இல்லை. கால்தான் சிறுத்துவிட்டது. ரஷீத் பாய் அந்தக் காலுக்குத் தகுந்தபடி கட்டையைச் சீவிக்கொண்டிருந்தார்.

மெட்டியில் நூல் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் புருஷன் காசிநாதன் பிரியாணி வாங்கி வந்தான். அவள் ஒரு கறித்துண்டை எடுத்துப் பிய்த்து வைத்துக்கொண்டாள். அவன் தோல் லாரி ஓட்டுகிறவன். முன்பெல்லாம் ஞாயிறு சாப்பாட்டில் இருவருக்கும் போட்டி நடக்கும்.

"இன்னாடி இது, கோழிக்கு எறச்ச மாரி."

"இதான் உள்ள போவும்."

"நீ எதுக்க உக்காந்து மென்னுக்குனே இருந்தா எனக்கு எறங்க மாட்டேங்குது."

"அப்ப நான் அந்தாண்ட போய்டறேன்."

"யார் போவச் சொன்னா? உக்காரு." அவன் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்த கத்திரிக்காயைத் தள்ளி வைத்தான். "மூஞ்சி ஏன் அப்பிடி கீது?"

மெட்டியைக் காட்டினாள். ஷூவைப் பற்றிச் சொன்னாள். அவன் கையை நக்கிவிட்டு யோசித்தான்.

"பாய்கிட்ட சொல்லிடேன். நல்ல மனுசன்தான."

"சொன்னா வேற கால் தேடுவாங்க. நான் லைனுக்குப் போவணும்."

"எல்லாரும் லைன்ல நிக்கல?"

"நானும் நின்னேன். வுழுந்தப்ப நீதான வந்து வூட்டுக்குக் கூட்டியாந்த."

காசிநாதன் பொட்டலத்தை மடித்தான்.

"அப்ப சொல்லாத. கால் எலும்பு, அது எங்க எளைக்கும்னு சொல்லு" என்றான்.

மூன்றாவது தடவை போட்டபோது ஷூ கச்சிதமாக உட்கார்ந்தது. "சரியா இருக்கு பாய்" என்றாள் அம்பிகா.

இன்று அந்த ஜோடி கூரியரில் போக வேண்டும். வெளிநாட்டில் ஒப்புக்கொண்டால் பெரிய ஆர்டர்.

அவள் கடைசி முட்டைத் துண்டை விழுங்கும்போது ரஷீத் பாய் வந்தார். கையில் இரண்டு லாஸ்ட்கள், பழையதும் சீவியதும். இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஜாஸ்தியா கொறச்சிட்டேனோன்னு தோணுது."

அவள் டப்பாவை மூடினாள்.

"கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க அம்பிகாம்மா. ஒடம்பு எளைச்ச மாரி காலும் எளைச்சிருக்குமா?"

"கால் எலும்புதான பாய். அது எங்க எளைக்கும்?"

அவர் சிரித்தார். ஆனாலும் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத போடறவங்கல்லாம் சுகர்காரங்க. கொஞ்சம் புடிச்சா போதும், புண்ணாயிடும். வெரல எடுக்கறதுல போய் நிக்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"இல்ல பாய்."

"எதுக்கும் இன்னொரு காலு பாத்துருவோம். லைனிங்ல அந்த ஜோதிப் பொண்ணு இருக்குதே. போய் கூட்டியாங்க."

ஷூவுக்கு உள்தோல் தைக்கும் ஜோதி, மாதனூர் பக்கத்துப் பெண். இருபத்து நாலு வயது. நிறைய எடை. அவள் ஏறினால் கம்பெனி வேனில் யாராவது "டயரப் பாருங்கப்பா" என்று கத்துவார்கள். இரண்டு இடங்களிலிருந்து பெண் பார்க்க வந்து, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு அம்பிகாவை விடாமல் பிடித்துக்கொண்டவள் அவள்தான். டப்பாவை எட்டிப் பார்ப்பாள்.

"இவ்ளோதானாக்கா? நான் இருந்துருவேன். இதவிடக் கம்மியா சாப்புடச் சொன்னாலும் இருந்துருவேன்."

அடுத்த செக்கப்புக்கு வேலூர் போகும்போது அவளையும் அழைத்துப் போவதாக அம்பிகா சொல்லியிருந்தாள்.

மெஷின்களுக்கு நடுவே இருவரும் நடந்து வந்தார்கள். ஜோதிக்கு மூச்சு வாங்கியது.

"இன்னாத்துக்குக்கா கூப்புடறாரு?"

"ஷூ போட்டுப் பாக்க."

"நீங்கதான சாம்பிள் கால்?"

அம்பிகா நடந்தாள்.

"அக்கா. எனக்கு டைட்டா இருந்தா உங்கள இன்னா பண்ணுவாங்க?"

"பேஸ்டிங்ல போடுவாங்க."

"அன்னிக்கு வுழுந்தீங்களே, அங்கயா? நான்தான் உங்க செருப்ப எடுத்தாந்தேன்."

சாம்பிள் ரூம் கதவு வந்துவிட்டது. அம்பிகா கைப்பிடியில் கை வைத்தாள். திறக்கவில்லை.

"புது ஷூ கொஞ்சம் புடிக்கும் ஜோதி. அது டைட்டு இல்ல" என்றாள்.

ஜோதி அவளைப் பார்த்தாள்.

"சரிக்கா."

ஜோதி நாற்காலியில் உட்கார்ந்தாள். மெல்லிய நைலான் சாக்ஸைப் போட்டுக்கொண்டாள். ஷூவில் கால் பாதிவரை போய் நின்றது. ரஷீத் பாய் ஷூ ஹார்னை நீட்டினார். அவள் அதைக் குதிகாலுக்குப் பின்னால் செருகி, மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினாள். கால் உள்ளே போனது. அடுத்ததும் போனது.

ரஷீத் பாய் குந்தி உட்கார்ந்து அழுத்தினார். மேலே தோல் விறைத்திருந்தது. விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

"டைட்டாம்மா?"

"இல்ல பாய்."

"மேல புடிக்கல?"

"புது ஷூதான பாய். கொஞ்சம் புடிக்கும்."

அவர் தலையைத் தூக்கி அம்பிகாவைப் பார்த்தார். அவள் மேசையில் இருந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நட" என்றார் ஜோதியிடம்.

ஜோதி கதவுவரை நடந்தாள். திரும்பி வந்தாள். ரஷீத் பாய் ஷூவைப் பார்த்தார். அம்பிகா ஜோதியின் முகத்தைப் பார்த்தாள். ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. ஜோதியின் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது.

"இன்னொரு வாட்டி."

நடந்தாள். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே நடந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு பாய். எனக்கே ஒரு ஜோடி குடுத்துருங்க."

"அடி, இதோட வெல தெரியுமா உனக்கு?" ரஷீத் பாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் தெளிந்துவிட்டது. "ரெண்டு பேர் சொன்னப்புறம் நான் இன்னா சொல்றது? எனக்குத்தான் வயசாயிடுச்சு. கட்டயப் பாத்தே பயந்துக்கறேன்."

ஷூவைத் துடைத்து, காகிதம் திணித்து, டப்பாவில் வைத்தார். கதவருகே நின்று ஜோதியைத் திரும்பிப் பார்த்தார்.

"இனிமே உன்னயும் கூப்புடுவேன். இவங்க மாரி ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போய்டாத. கால இப்பிடியே வெச்சிக்கோ, இன்னா?"

போய்விட்டார்.

ஜோதி நாற்காலியில் உட்கார்ந்து சாக்ஸை உருட்டிக் கழற்றினாள். பாதத்தின் மேல் குறுக்கே சிவப்பாக ஒரு தடம். இரண்டு காலிலும். வலதுகால் சுண்டுவிரலில் தோல் வழன்று, நைலான் ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் எச்சில் தொட்டுத் தடவினாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

அம்பிகா தன் குதிகாலை மற்றக் காலால் தேய்த்துக்கொண்டாள். புண் இருந்த இடம் இன்னும் வழவழப்பாக இருந்தது. வெளிப்பக்க ஜன்னல் வழியாகக் கம்பெனி கேட் தெரிந்தது. கூரியர் வேன் உள்ளே வந்து திரும்பிக்கொண்டிருந்தது. ரஷீத் பாய் ஷூ டப்பாவை அக்குளில் வைத்துக்கொண்டு வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

அவள் இன்னொரு டப்பாவைத் திறந்தாள். சுண்டல். சாப்பிடும் நேரம் ஆகவில்லை. ஒரு ஸ்பூன் வாயில் போட்டாள். மென்றாள்.

வேனின் பின்கதவு திறந்தது.

ஜோதி எழுந்து, செருப்புக்குள் காலை மெல்ல நுழைத்தாள்.

"அக்கா, வலிச்சுதுன்னு சொல்லியிருக்கணுமா?"