ஜன்னல் சீட்டுக்கு நாலு சுற்று

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றின் ஆண்டுவிழாவில் பெண்களுக்கான நாலு சுற்று ஓட்டம் வருஷா வருஷம் நடக்கும். அதில் முதல் மூன்று சுற்றை ஓட்டம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். முன்னால் போகிறவள் களைத்துப்போவாள், பின்னால் பதுங்குகிறவள் கடைசியில் முந்திவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோருமே பதுங்குவார்கள். "உங்கூட்ல இன்னா கொழம்பு?" என்று விசாரித்தபடி கும்பலாக நகர்வார்கள். கடைசிச் சுற்றில் பேக்கிங் பிரிசில்லா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பறப்பாள். கோப்பை அவளுக்கு.

கோப்பை கிடக்கட்டும், அதில் ரசம்கூட ஊற்ற முடியாது. நிஜப் பரிசு வேறு. ஜெயித்தவளுக்கு ஒரு வருஷம் சாயங்காலக் கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டு. எச்.ஆர். முக்தார் அகமது கையெழுத்துப் போட்டே அட்டை தருவார்.

நாட்றம்பள்ளி மோகனாவுக்கு அந்தச் சீட்டு வேண்டும். அவளுடைய தையல் லைனைத்தான் கடைசியாக விடுவார்கள். அவள் கேட்டுக்கு வருவதற்குள் பஸ் நிரம்பிவிடும். பகல் முழுக்க நின்றுகொண்டே தைத்தவள், யாரோ ஒருத்தியின் டிபன் கேரியர் முதுகில் இடிக்க, வாணியம்பாடியில் பாதிக் கூட்டம் இறங்கும் வரைக்கும் மறுபடி நிற்பாள். அவள் கால்கள் அவளைச் சபிக்காத நாளில்லை.

கடைசி நேரப் பாய்ச்சல் அவளுக்கு வராது. ஆனால் லைனில் முதல் ஆள் அவள்தான். அவள் மளமளவென்று தைத்துத் தள்ளினால், அடுத்து நிற்கும் சௌந்தரம் திட்டிக்கொண்டே வேகம் பிடிப்பாள். அவளுக்கு அடுத்தவளும் அப்படியே. இல்லாவிட்டால் பீஸ் குவிந்துவிடுமே! அதே மாதிரி முதல் சுற்றிலேயே இழுத்துவிட்டால் பிரிசில்லாவுக்குக் கடைசியில் பறக்க மூச்சு ஏது? மோகனா தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள்.

விசில் ஊதியதும் அவள் பிய்த்துக்கொண்டு கிளம்பினாள்.

"இன்னாடி இது, கொழம்பு பத்திகூட பேச வுடல!" என்று பின்னாலிருந்து சௌந்தரம் கத்தினாள். கத்தினாளே தவிர துரத்துவதை விடவில்லை. மற்றவர்களும் விடவில்லை. முன்னால் போகிறவள் வேகமாகப் போனால் தானும் போக வேண்டும் என்பது அந்தக் கால்களுக்கு ஊறிப்போன பழக்கம். பதுங்க இடம் கிடைக்காத பிரிசில்லா மூன்றாம் சுற்றிலேயே வாயைப் பிளந்துவிட்டாள்.

மோகனா போட்ட கணக்கு அதுவரைக்கும் சரி. ஆனால் தினமும் தன் வேகத்துக்கு ஈடுகொடுத்தே பழகிய ஒருத்தி முதுகுக்குப் பின்னால் வருகிறாள் என்பதை அந்த மகராசி மறந்துவிட்டாள். கடைசி வளைவில் சௌந்தரம் அவளைத் தாண்டினாள். அப்புறம் இன்னும் நாலு பேர் தாண்டினார்கள், அதில் பிரிசில்லாவும் ஒருத்தி.

நேரம் பார்த்த செக்யூரிட்டி காசிநாதன் கடிகாரத்தை இரண்டு முறை உதறினார். "ஆறாவதா வந்த மோகனாவே போன வருஷம் ஜெயிச்ச பிரிசில்லாவவிட ஜாஸ்தி ஸ்பீடு சார்!"

"நம்ம புது சோல் அப்படி!" என்று முக்தார் அகமது மைக்கில் பூரித்தார். ஓடியவர்களில் பாதிப்பேர் வெறுங்கால். வெள்ளிக்கிழமை போட்ட பிரியாணிதான் காரணம் என்று கேன்டீன் தபரேஸ் அடித்துச் சொன்னான். மோகனாவை யாரும் கேட்கவில்லை.

அவள் போட்டோவுக்கு நிற்காமல் நேரே பஸ்ஸில் ஏறி அந்த ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரமாவது இருந்துவிட்டுப் போகிறேனே என்ற வயிற்றெரிச்சல்தான். பஸ் நிரம்பியது. கடைசியாக அட்டையை ஆட்டிக்கொண்டு, இரண்டு பேர் தாங்கிப்பிடிக்க, சௌந்தரம் ஏறினாள்.

"எழுந்திருடி, என் சீட்டு."

மோகனா எழுந்தாள். சௌந்தரம் உட்காரப் போனாள். முட்டி மடங்கவில்லை. பக்கவாட்டில் முயன்றாள், பின்பக்கமாகச் சாய்ந்து பார்த்தாள். இரண்டு காலும் உலக்கை மாதிரி விறைத்து நின்றன.

"அய்யோ, மடக்க முடிலடி. நீயே உக்காந்து தொலை."

மோகனா உட்கார்ந்தாள். அவளுடைய முட்டிகள் எந்தத் தகராறும் செய்யவில்லை. காற்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் சாம்பியன் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள்.

"அடுத்த வருஷமாச்சும் மெதுவா ஓடுடி. ஒரே பேஜாரு."

"மெதுவாவா? இத விட ஜாஸ்தியா இழுக்குறேன் இரு" என்று சொல்லிவிட்டு மோகனா ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டாள்.